பாஷாகிச் தன் சுவடிகளை வெளிநாட்டுக்கு விற்றது சரியா?

போஸ்னியாவின் பெரிய வரலாற்றாசிரியர் என்று சொல்லப்படும் சஃப்வெத்-பெக் பாஷாகிச், வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த சுவடிகளை வெளிநாட்டு நூலகத்துக்குக் கொடுத்துவிட்டாரே, அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரி என்றுதான் நான் சொல்வேன். ஆனால் அவர் வீட்டிலிருந்து தொடங்கினால்தான் அது புரியும்.

1870இல் போஸ்னியாவை ஒட்டிய ஹெர்செகோவினாவின் நெவெசின்யேயில், பழைய பெக் (நிலவுடைமைப் பிரபு) குடும்பத்தில் பிறந்தவர். அப்பா இப்ராஹிம்-பெக் ஒரு கவிஞர். மகனுக்கு எட்டு வயதானபோது உதுமானிய ஆட்சி போய் ஆஸ்திரியா-ஹங்கேரி வந்துவிட்டது. அப்பா தலைமுறை எழுதிய துருக்கியும் பாரசீகமும் அரபு எழுத்தும் பேரன் காலத்தில் யாருக்கும் படிக்கத் தெரியாமல் போய்விடும் என்ற நிலை. மகன் அதை விடவில்லை. வியன்னாவுக்குப் போய் அந்த மொழிகளையே முறையாகப் படித்தார், 1900இல் 'பெஹார்' என்ற இதழைத் தொடங்கியவர்களில் ஒருவரானார், மிர்சா சஃப்வெத் என்ற பெயரில் கவிதை எழுதினார், இடையில் போஸ்னிய சட்டமன்றத்துக்குத் தலைவராகவும் இருந்தார். 1910இல் வாங்கிய முனைவர் பட்டமும் இஸ்லாமிய இலக்கியத்தில் போஸ்னியர்களும் ஹெர்செகோவினர்களும் எழுதியவற்றைப் பற்றிய ஆய்வுக்குத்தான். 'நம் ஆட்களும் எழுதியிருக்கிறார்கள், இதோ பாருங்கள்' என்று பெயர் பெயராக எடுத்துக் காட்டினார்.

அதற்கெல்லாம் கைமுதல் அவர் சேர்த்த சுவடிகள்தான். 284 கையெழுத்துத் தொகுதிகள், 365 அச்சுப் புத்தகங்கள். அரபு, துருக்கி, பாரசீகத்தோடு, அரபு எழுத்தில் எழுதிய உள்ளூர் மொழி நூல்களும் அதில் உண்டு (நம் அரபுத்தமிழ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்). பால்கனில் அடுத்தடுத்து வந்த போர்களைப் பார்த்தவர், பத்திரமான இடம் தேடினார். 1924இல் பிராட்டிஸ்லாவா (இன்றைய ஸ்லோவாக்கியாவின் தலைநகர்) பல்கலைக்கழக நூலகம் வாங்கிக்கொண்டது. அப்போது அவர் போஸ்னியாவின் தலைநகரான சரயேவோவில் உள்ள அருங்காட்சியகத்திலேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தார் என்பதையும் கவனியுங்கள், விவரம் தெரியாமல் செய்தவர் இல்லை.

1934இல் இறந்தார். சரயேவோவில் காஸி ஹுஸ்ரெவ்-பெக் மசூதி வளாகத்தில் அடக்கம் செய்தார்கள். போஸ்னியப் போரின்போது, 1992 மே மாதம், அதே ஊரின் கீழைத்தேய ஆய்வு நிறுவனத்தைக் குண்டு வீசி எரித்தார்கள், 5,000க்கும் மேற்பட்ட சுவடிகள் ஒரே நாளில் போயின. ஆகஸ்டில் தேசிய நூலகமும் எரிந்தது. மசூதியிலிருந்து அது நடந்து போகும் தூரம்தான். கருகிய தாள்கள் நாள்கணக்கில் ஊர் மேல் பறந்து விழுந்தன என்று அங்கே இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பாஷாகிச்சின் தொகுப்பும் சரயேவோவிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது.

அவருடையது தப்பித்தது. 1997இல் யுனெஸ்கோ அதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அதில் சில சுவடிகளை இப்போது இணையத்திலேயே பார்க்கலாம். ஒன்றைத் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்பு வரிகளுக்கு நடுவே சிவப்பு மையில் தலைப்புகள் இருக்கும், ஓரத்தில் என்றோ படித்தவர் சாய்வாக எழுதி வைத்த குறிப்பும் கண்ணில் படலாம்.