தறிக்கூடத்தில் நடப்பது வாக்கிங் ஆகாதா?

கேள்வி: வயது 44. 8 தறி ஓட்டுகிறேன், 12 மணி நேர ஷிப்ட். இரண்டு வருடமாகச் சர்க்கரை. போன மாதம் பார்த்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.4. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். டாக்டர் தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்கிறார். செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலை பார்த்தால் 14,000 அடி காட்டுதுங்க. இதற்கு மேல் எங்கே போய் நடப்பது? காலையில் எழுந்ததும் குதிகாலை ஊன்றவும் முடியவில்லை.
– பெயர் வேண்டாம், சோமனூர்

பதில்: உங்கள் எரிச்சல் நியாயமானதுதான். நடக்கச் சொல்லும் அறிவுரை பெரும்பாலும் பகல் முழுக்க நாற்காலியில் இருப்பவர்களை மனதில் வைத்துச் சொல்லப்படுவது. கோவை ரேஸ்கோர்ஸில் விடிகாலையில் ஷூ மாட்டிச் சுற்றுகிறவர்களுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். 12 மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவரிடம் அதையே சொல்லி அனுப்பினால் எப்படி?

அதற்காக 14,000 அடி போதும் என்றும் சொல்ல மாட்டேன். அது வீண் இல்லை. லண்டன் பஸ் ஊழியர்களைப் பற்றி பிரிட்டன் மருத்துவர் ஜெரமி மாரிஸ் 1953ல் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட, மாடி பஸ்ஸில் ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. வேலையில் உடம்பு அசைவதும் கணக்கில் சேரும். ஆனால் கண்டக்டர்கள் ஏறியது படிக்கட்டு. உங்கள் நடை எப்படி? நூல் அறுந்தால் நாலு எட்டு, முடிச்சுப் போட நிற்பது, தார் (ஊடை நூல் சுற்றிய குச்சி) மாற்ற இன்னும் நாலு எட்டு, மறுபடி நிற்பது. அடிக்கணக்கு ஏறும், நாடித்துடிப்பு பெரிதாக ஏறாது. (10,000 அடி என்ற இலக்கே 1965ல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பதற்காகப் பிறந்ததுதான். செல்போன் காட்டும் எண்ணுக்கு ரொம்பவும் மரியாதை தர வேண்டாம்.)

நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது செய்யும் வேகம் அதுதான். தறிச் சத்தத்தில் இதைச் சோதிக்க வழியில்லை, வெளியே வந்துதான் பார்க்க வேண்டும்.

டென்மார்க்கில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களைக் கவனித்து 2021ல் ஓர் ஆய்வு வந்தது. ஓய்வு நேரத்தில் உடம்பை இயக்கியவர்களுக்கு மாரடைப்பு குறைவு, வேலையில் உடம்பு வருந்தியவர்களுக்கு அதிகம். இதைப் பற்றி விவாதம் இன்னும் ஓயவில்லை. வருமானம், புகை, தூக்கம் என்று வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். ஆனால் மணிக்கணக்கில் நிற்பதும், இடையில் ஓய்வில்லாததும் உடற்பயிற்சிக்கு ஈடாகாது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அப்புறம், சர்க்கரை. தசை நன்றாகச் சுருங்கி விரியும்போது இன்சுலின் உதவி இல்லாமலே ரத்தத்தில் இருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அதன் பலன் ஒரு நாள், ஒன்றரை நாள்தான் நிற்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரேயடியாக நடந்து கணக்கைத் தீர்க்க முடியாது. தொடர்ந்து இரண்டு நாள் விடுவதும் கூடாது. ஒரே மூச்சில் அரை மணி நேரம் என்ற கட்டாயமும் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடம் கேட்கிறது. பத்து நிமிடத்துக்குக் குறைந்தால் கணக்கில் வராது என்ற பழைய நிபந்தனையை 2020ல் எடுத்துவிட்டார்கள்.

ஆகவே உங்களுக்கு நான் எழுதும் சீட்டு வேறு. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் வீதியில் 10 நிமிடம். குதிகால் பொறுக்கும் அளவுக்குக் கொஞ்சம் வேகமாக. சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரையை அந்த நடை நன்றாக மட்டுப்படுத்தும். வேலைக்கு மொபெட்டில் போகிறீர்கள் என்றால், தூரம் மூன்று நாலு கிலோமீட்டர்தான் என்றால், பழைய சைக்கிளைத் துடைத்து எடுங்கள். குதிகாலில் அடி விழாமல் மூச்சு வாங்க வைக்க அதைவிட நல்ல வழி இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் சுவரில் கை ஊன்றித் தண்டால், நாற்காலியில் கை வைக்காமல் பத்துப் பத்து முறை எழுந்து உட்காருவது. தறி வேலையில் தொடைக்கும் தோளுக்கும் இந்தப் பளு கிடைப்பதே இல்லை. ஷிப்டு நடுவில் டீ குடிக்கும் அஞ்சு நிமிடமாவது உட்காருங்கள். அந்த டீயில் சர்க்கரை வேண்டாம், கூட பன்னும் வேண்டாம்.

குதிகாலுக்கு வருகிறேன். காலையில் முதல் அடியில் குத்தி, நடக்க நடக்கக் குறைகிறது என்றால், பாதத்தின் அடியில் இருக்கும் நார்ப்பட்டையில் பிரச்சினையாக இருக்கலாம். சிமென்ட் தரையில் வெறுங்காலோடோ தேய்ந்த ரப்பர் செருப்போடோ நிற்கிறீர்கள் என்பது என் ஊகம். மெத்தென்ற, குதிகாலைத் தாங்கும் செருப்பு வாங்குங்கள், கூடத்துக்குள்ளேயும் அதைப் போடுங்கள். படுக்கையை விட்டு இறங்கும் முன் கால்விரல்களை உங்கள் பக்கம் இழுத்துப் பிடித்து விடுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், படிக்கட்டின் விளிம்பில் சுருட்டிய துண்டின் மேல் விரல்களை வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை மெல்ல மூன்று விநாடி உயர்த்தி, இரண்டு விநாடி நிறுத்தி, மூன்று விநாடியில் இறக்குங்கள். 12 முறை போதும். முதலில் இரண்டு காலாலும், பழகிய பின் ஒற்றைக் காலால். இதற்குப் பொறுமை வேண்டும், மூன்று மாதம்கூட ஆகலாம். பாதத்தில் மரமரப்போ புண்ணோ இருந்தால் இதை ஆரம்பிக்காமல் முதலில் டாக்டரிடம் காலைக் காட்டுங்கள். உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று நைலான் இழையால் தொட்டுப் பார்க்க இரண்டு நிமிடம்தான் ஆகும், கேட்டு வாங்கிச் செய்துகொள்ளுங்கள்.

கிளிமிபிரைடு சர்க்கரையைத் திடீரென்று இறக்கக்கூடிய மாத்திரை. புதிதாகப் பயிற்சி தொடங்கும்போது சட்டைப் பையில் நாலு ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ பொட்டலமாக இருக்கட்டும். நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே வாயில் போடுங்கள். அப்படி அடிக்கடி ஆனால் மாத்திரையின் அளவை டாக்டர் குறைப்பார், நீங்களாக நிறுத்த வேண்டாம். சைக்கிள் மிதிக்கும்போது நெஞ்சு இறுக்கினாலோ, வழக்கத்துக்கு மாறாக மூச்சு முட்டினாலோ உடனே நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் இசிஜி எடுங்கள், ஷிப்டு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.