புதுச் சாப்பாட்டைப் பூனை தொடவில்லை, காசைத் திருப்பிக் கேட்கலாமா?

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு. ஐந்து வயதுக் கடுவன் பூனை, கொஞ்சம் கொழுத்தது. வழக்கமாக வாங்கும் பக்கற் விலை ஏறிவிட்டது. அதனால் போன கிழமை ஒரு கடையில், "அதே சாமான்தான்" என்று பொலித்தீன் பையில் நிறுத்துத் தந்ததை மூன்று கிலோ வாங்கினேன். முந்தநாள் மாலையிலிருந்து பூனை ஒன்றும் தின்னவில்லை. திரும்பப் போய்ச் சொன்னால், பசி எடுக்க ஒரு சிரப் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். காசைத் திருப்பிக் கேட்க முடியுமா?

பதில்: கேட்கலாம். ஆனால் கடைக்கு நாளைக்கும் போகலாம், பூனைக்கு அவ்வளவு நேரமில்லை. "பசிச்சால் தானாத் தின்னும்" என்பது நாய்க்குச் சரிவரலாம், பூனைக்குச் சரிவராது. பட்டினி கிடக்கும் பூனையின் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்த் தேங்கும். கொழுத்த பூனைக்கு இது இரண்டு மூன்று நாளிலேயே தொடங்கிவிடலாம். உங்களுடையதற்கு இரண்டு நாள் ஆகப்போகிறது.

இப்போதே உப்பு, வெங்காயம், உள்ளி இல்லாமல் அவித்த மீனோ கோழியோ இளஞ்சூட்டில் வையுங்கள். பூனை மூக்கால்தான் சாப்பாட்டைத் தேர்வு செய்யும், சூடு பட்டால் மணம் எழும். ஓடிவந்து தின்றால் பிழை அநேகமாகப் பையில். அதையும் மணந்துவிட்டுத் திரும்பினால் பிழை பூனைக்குள்: பல்வலி, மூக்கடைப்பு, சிறுநீரகக் கோளாறு என எதுவாகவும் இருக்கலாம். இன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். கடுவன் என்றபடியால் இன்னொன்று: மண் தட்டில் அடிக்கடி குந்தி முக்கியும் சிறுநீர் வராவிட்டால், இரவானாலும் காத்திருக்க வேண்டாம். காய்ச்சல் போலத் தெரிகிறதே என்று பனடோல் (பரசிற்றமோல்) மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது நஞ்சு.

சிரப் வேண்டாம். பசியைத் தூண்டும் மருந்துகள் பூனைக்கு உண்டுதான், ஆனால் ஏன் தின்னவில்லை என்று பார்த்தபிறகு வைத்தியர் எழுதித் தரவேண்டியவை அவை. தான் விற்ற சாப்பாட்டைப் பூனை தின்னாததற்கு மருந்தும் தானே விற்கும் வியாபாரம் நல்லாத்தான் இருக்கிறது!

இனிக் காசு. உலர் உணவின் மேல் கொழுப்புப் பூசியிருப்பார்கள், பூனையை இழுப்பது அதன் மணம்தான். மூட்டையைத் திறந்து வைத்து அள்ளி விற்றால், கொழும்பின் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் அந்தக் கொழுப்பு கெட்டுப்போகும். கையில் எடுத்து மணந்து பாருங்கள். பழைய தேங்காயெண்ணெய் மணம் வந்தால் பூனை சொன்னது சரி. மணம் நன்றாக இருந்தால் கடைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கலாம். அதே சாமானாக இல்லாமல் வேறொன்றாக இருந்து, நீங்கள் ஒரேயடியாக மாற்றியதால் பூனை முறைத்திருக்கலாம். புது உணவைப் பழையதோடு கலந்து, ஏழு முதல் பத்து நாளில்தான் மாற்றவேண்டும்.

மிச்சத்தோடு கடைக்குப் போய், எந்த மூட்டையிலிருந்து அள்ளினாரோ அதைக் காட்டச் சொல்லுங்கள். பெயரையும் காலாவதித் திகதியையும் படம் எடுங்கள். பெயர் வேறாக இருந்தாலோ, திகதி கடந்திருந்தாலோ, மூட்டையையே காட்ட மறுத்தாலோ விடாதீர்கள். பற்றுச்சீட்டு வாங்கவில்லை என்றால் இப்போது கேளுங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் வியாபாரி கொடுத்தாக வேண்டும். அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. சாமான் வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்கவேண்டும். வைத்தியர் பில்லையும் வைத்திருங்கள், ஆனால் அந்தச் செலவைக் கடைக்காரர் தலையில் கட்டுவது கடினம்.

மூட்டையில் எல்லாம் ஒழுங்காக இருந்தால், நானென்றால் சண்டைக்குப் போகமாட்டேன். அடுத்தமுறை திகதி அச்சிட்ட சிறிய பக்கற்றை வாங்கி, பக்கற்றோடேயே மூடியுள்ள டின்னுக்குள் வையுங்கள்.