வேலையிடக் காயமும் காப்புறுதியும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: சிறிய உணவகம் நடத்துகிறேன். சமையலர் இருவர், பாத்திரம் கழுவ ஒருவர், கல்லாவில் ஒருவர், 3,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளத்தில் ஒரு மேலாளர். இந்த ஐந்து பேருக்கும் காப்புறுதி எடுத்தே ஆக வேண்டுமா?
– உணவக உரிமையாளர், லிட்டில் இந்தியா

பதில்: ஆள் எண்ணிக்கை இங்கே கணக்கில்லை. ஒரே ஓர் ஊழியர் இருந்தாலும் சிங்கப்பூரின் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் உங்களைப் பிடிக்கும். பார்க்க வேண்டியவை இரண்டு: என்ன வேலை, எவ்வளவு சம்பளம். உடலுழைப்பு வேலை என்றால் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் காப்புறுதி கட்டாயம். சமையலர்களும் பாத்திரம் கழுவுபவரும் இதில் வந்துவிடுவார்கள். உடலுழைப்பு இல்லாத வேலைக்கு மாதச் சம்பளம் 2,600 வெள்ளியோ அதற்குக் குறைவோ இருந்தால் கட்டாயம்.

பலர் தவறுவது இந்த 2,600-ல்தான். மிகைநேர ஊதியம், போனஸ், படிகள் எதையும் இதில் சேர்க்கக்கூடாது. கல்லாக்காரருக்கு அடிப்படை 2,400, மிகைநேரம் சேர்த்துக் கையில் 2,850 என்றால், அவர் 2,400 வெள்ளிக்காரர்தான். அவருக்கும் எடுக்க வேண்டும்.

மேலாளர் கணக்கும் பணி அட்டவணையும் மட்டும் பார்ப்பவராக இருந்தால் கட்டாயமில்லை. ஆனால் சின்ன உணவகத்தில் ஆள் வராத நாளில் அரிசி மூட்டை தூக்குவதும் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பதும் அவர்தானே? அவரையும் சேர்த்துவிடுங்கள். சட்டம் விலக்குத் தருவது காப்புறுதி வாங்குவதற்கு மட்டும். இழப்பீடு தருவதற்கு அல்ல. வேலையில் அவர் வழுக்கி விழுந்தால் முழுத் தொகையும் உங்கள் பையிலிருந்து போகும். 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கு உச்சவரம்பு, இறப்புக்கு 269,000 வெள்ளி, நிரந்தர ஊனத்துக்கு 346,000 வெள்ளி. மருத்துவச் செலவுக்கு 53,000 வெள்ளி அல்லது விபத்திலிருந்து ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அதுவரை.

கேள்வி: எல்லா ஊழியருக்கும் 60,000 வெள்ளி மருத்துவக் காப்புறுதி ஏற்கெனவே இருக்கிறது. அது போதாதா?
– பட்டறை உரிமையாளர், காக்கி புக்கிட்

பதில்: போதாது. அது வேலை அனுமதி, எஸ் பாஸ் (இடைநிலைத் திறனாளர்களுக்கான அனுமதி) ஆகியவற்றில் வரும் வெளிநாட்டு ஊழியர்களுக்காக 2023 ஜூலை 1 முதல் உயர்த்தப்பட்ட மருத்துவக் காப்புறுதி. மருத்துவமனைச் செலவைத்தான் பார்க்கும். அதிலும் 15,000 வெள்ளிக்கு மேற்பட்ட தொகையில் கால் பங்கு உங்கள் பொறுப்பு. விரல் போனதற்கும், மருத்துவ விடுப்புச் சம்பளத்துக்கும், குடும்பத்துக்குத் தர வேண்டிய தொகைக்கும் அதில் ஒரு காசு வராது. தனிநபர் விபத்துக் காப்புறுதியும் ஈடாகாது. மனிதவள அமைச்சு அங்கீகரித்த நிறுவனத்திடம் வேலையிடக் காய இழப்பீட்டுக் காப்புறுதி என்றே கேட்டு வாங்குங்கள். எடுக்காமல் விட்டால் 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

கேள்வி: நான் கட்டுமான வேலையில் துணைக் குத்தகையாளர் (சப் கான்ட்ராக்டர்). பணித்தளம் முழுவதற்கும் தாங்களே காப்புறுதி எடுத்திருப்பதாகப் பெரிய குத்தகையாளர் சொல்கிறார். நான் தனியாக எடுக்க வேண்டுமா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: வாய்வார்த்தையை நம்பாதீர்கள். பத்திரத்தின் நகலை வாங்கி, துணைக் குத்தகையாளரின் ஊழியர்களும் அடங்குவர் என்று எழுதியிருக்கிறதா, எந்தத் தேதி வரை என்று பாருங்கள். கட்டுமான வேலை இழுத்துக்கொண்டே போவது வழக்கம். பத்திரம் முடிந்த பிறகும் ஆட்கள் சாரத்தில் நிற்பார்கள். அந்தப் பத்திரம் அந்தத் தளத்துக்கு மட்டும் என்பதும் முக்கியம். மறுநாள் அதே ஊழியரை வேறு தளத்துக்கோ உங்கள் கிடங்குக்கோ அனுப்பினால் அது உதவாது. நீங்கள் ஏற்பாடு செய்த லாரியில் வரும் வழியில் அடிபட்டாலும் இழப்பீடு உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். ஆண்டு முழுவதற்கும் உங்கள் பெயரில் ஒரு பத்திரம் இருப்பதே நல்லது.

கேள்வி: வீட்டுப் பணிப்பெண்ணுக்கும் இந்தச் சட்டம் பொருந்துமா?
– வாசகி, பொங்கோல்

பதில்: பொருந்தாது. அவருக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்குத் தனிநபர் விபத்துக் காப்புறுதியும், 60,000 வெள்ளிக்கு மருத்துவக் காப்புறுதியும் எடுக்க வேண்டும்.

கேள்வி: சிங்கப்பூரில் என் கணவர் ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தது. "உன் கவனக்குறைவு, அதனால் பணம் கிடையாது" என்கிறார் முதலாளி. காப்புறுதி இருக்கிறதா என்றும் சொல்ல மறுக்கிறார்.
– வாசகி, புதுக்கோட்டை

பதில்: யார் தவறு என்பதை இந்தச் சட்டம் கேட்பதில்லை. குடிபோதையில் நேர்ந்தது போன்ற சில விலக்குகள் தவிர, வேலையின்போது ஏற்பட்ட காயம் என்றாலே போதும். காப்புறுதி எடுக்காமல் விட்டிருந்தாலும் முதலாளியின் கடமை தீராது. மருத்துவ விடுப்போ இலகுப் பணியோ ஒரு நாள் எழுதப்பட்டிருந்தாலும், விபத்து தெரியவந்த 10 நாளுக்குள் அவர் அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் தெரிவிக்காவிட்டால் உங்கள் கணவரே அமைச்சிடம் தெரிவிக்கலாம். விபத்து நாளிலிருந்து ஓராண்டுக்குள் இழப்பீடு கோரிவிட வேண்டும்.

விடுப்புச் சம்பளம் 14 நாள் வரை முழுமையாகவும், மருத்துவமனை விடுப்பென்றால் 60 நாள் வரை முழுமையாகவும் கிடைக்கும். அதற்குப் பிறகு ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. மருத்துவரிடம் "வேலையில் விழுந்தேன்" என்று முதல் நாளே சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். "விடுதியில் வழுக்கியதாகச் சொல்" என்று யாராவது சொல்லிக்கொடுத்தால் கேட்க வேண்டாம். பிறகு அந்த ஒரு வரியை மாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். விடுப்புச் சான்றிதழ்கள், சம்பளச் சீட்டுகள், உடன் நின்றவர்களின் பெயர்கள், ஏணியின் படம் ஆகியவற்றைக் கைப்பேசியில் எடுத்து உங்களுக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள்.