அப்பம்மாவின் நாடக நேரமும் பிள்ளைகளும்

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: “மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5. இரவுச் சாப்பாடு டிவிக்கு முன்னால்தான். மாமி நாடகம் பார்ப்பார், பிள்ளைகளும் பக்கத்தில் இருப்பார்கள். போன கிழமை தம்பி பென்சிலைப் பறித்ததற்கு மகள், ‘உன்ர பாலுக்குள்ள நஞ்சு வைப்பன்’ என்றாள். பயந்துபோனேன். டிவியையே நிறுத்திவிடவா? மாமியிடம் எப்படிச் சொல்வது?”

மகளை நினைத்துப் பயப்பட வேண்டாம். கோபம் வந்தது, அவளுக்குத் தெரிந்த ஆகப் பெரிய சொல்லை எடுத்து எறிந்துவிட்டாள். ஏசாமல் அவளோடு இருந்து கதையுங்கள். நஞ்சு குடித்தால் உண்மையில் என்ன நடக்கும் என்பதைச் சொல்லுங்கள். நாடகத்தில் நஞ்சு கலந்த பாலைக் குடித்து விழுந்த நடிகை, படப்பிடிப்பு முடிந்து வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டிருப்பார் என்பதையும் சொல்லுங்கள். வீட்டில் எலி மருந்தோ களைநாசினியோ இருந்தால் இன்றைக்கே பூட்டி வையுங்கள்.

டிவியை முழுதாக நிறுத்தத் தேவையில்லை. நாடக நேரத்தில் மகன் அங்கே இருக்கக் கூடாது. மகள் பார்த்தால் நீங்களும் கூட இருந்து பார்க்க வேண்டும். ஏழெட்டு வயதுவரை நடிப்பு எது, நிஜம் எது என்பது பிள்ளைக்கு வடிவாகப் பிரிந்து விளங்காது. 1961இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர், முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்னால் பெரியவர் ஒருவரைக் கொண்டு காற்றடைத்த பொம்மையைக் குத்தி உதைக்க வைத்தார். பிறகு அதே பொம்மையோடு விட்டபோது பல பிள்ளைகள் அதே மாதிரி அடித்தார்கள், அந்தப் பெரியவர் சொன்ன சொற்களையே சொன்னார்கள்.

நம் வீடுகளில் முத்தக் காட்சி வந்தால் நாலு கை ரிமோட்டுக்குப் பாயும். மருமகளின் கன்னத்தில் அறை விழும்போது யாரும் அசைவதில்லை, புட்டைப் பிசைந்தபடி பார்க்கிறோம். அந்த அறையை மூன்று பக்கத்திலிருந்து, இடிச் சத்தத்தோடு திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். நம் நாட்டு அலைவரிசைகள் சிகரெட்டையும் மதுப் போத்தலையும் மறைக்கின்றன. பாலில் நஞ்சு கலக்கும் கையை மறைப்பதில்லை. எத்தனை வருடமாகச் சொல்கிறோம், கேட்பார் இல்லை. இந்தியாவில் படத்துக்குத் தணிக்கைச் சான்று உண்டு. 2023இல் சட்டத்தைத் திருத்தி 7, 13, 16 என்று வயதுப் பிரிவுகளும் வைத்தார்கள். அங்கிருந்து வரும் நாடகங்களுக்கு அப்படி ஒரு சான்றும் கிடையாது. ‘குடும்ப நாடகம்’ என்பது விற்பவர்கள் வைத்த பெயர், அதை நம்பாதீர்கள்.

இன்னொன்று. நாடகத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று பிள்ளையின் கையில் போனைக் கொடுத்துவிடாதீர்கள். தரம் 4 படிக்கும் பிள்ளையின் போன் ஒன்றைத் திறந்து பார்த்தேன். கூகுள் கணக்கில் பிறந்த வருடம் 1990 என்று இருந்தது. போன் வாங்கிய கடையில், அவசரத்துக்கு வாயில் வந்த வருடத்தைப் போட்டுக் கணக்குத் திறந்து கொடுத்திருக்கிறார்கள். கடவுச்சொல்லும் கடைக்காரரிடம்தான். அந்தக் கணக்கில் நுழைபவர் பெரிய ஆள் என்றுதான் யூடியூப் நினைக்கும், வயது வந்தோருக்கென்று ஒதுக்கிய வீடியோவையும் தடுக்காது. பிள்ளையின் உண்மையான வயதைப் போட்டு, ஃபேமிலி லிங்க் (பிள்ளையின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்தும் கூகுள் செயலி) வழியாக நீங்களே புதுக்கணக்குத் திறவுங்கள். அதற்குக் காசு இல்லை. ‘பூட்டுப் போட்டுத் தாறன்’ என்று காசு கேட்பவரை அனுப்பிவிடுங்கள். போனின் ‘செட்டிங்ஸ்’ பகுதிக்குள் போனால் நீங்களே பத்து நிமிடத்தில் செய்யலாம். ‘எல்லாச் சனலும் வரும்’ என்று மலிவாகத் தரும் களவு டிவிப் பெட்டியும் வேண்டாம். வயது அடையாளம் ஒன்றும் இல்லாமல் எல்லாம் கலந்து வரும், நடுவில் சூதாட்ட விளம்பரமும் வரும். நெட்ஃபிளிக்ஸ் இருந்தால் பிள்ளைக்குத் தனிப் பக்கம் திறப்பது மட்டும் போதாது. உங்கள் பக்கத்துக்கும் நான்கு இலக்க எண் போடுங்கள், பிள்ளையின் பிறந்த வருடத்தை அல்ல.

கூட இருந்து பாருங்கள் என்று சொன்னேன். அது எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தாது. வீட்டில் அடிதடியைக் கண்ட பிள்ளை, குடித்துவிட்டு வரும் தகப்பனின் காலடிச் சத்தம் தெரிந்த பிள்ளை, தாயையோ தகப்பனையோ இழந்த பிள்ளை, இவர்களுக்கு நாடகத்தில் கன்னத்தில் விழும் அந்த அறை வெறும் கதை இல்லை. எவ்வளவு விளக்கினாலும் உடம்பு கேட்காது. காதைப் பொத்துவது, விறைத்துப்போய் இருப்பது, நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப வருவது, கிழமைக்கணக்காக ஒரே அடி விளையாட்டு, இவற்றைக் கண்டால் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காமல் உடனே நிறுத்துங்கள். நம் கடலோர வீடுகளில் இன்னொன்றும் உண்டு. டிசம்பர் 26 நெருங்கினால் 2004 கடற்கோள் காட்சிகளைத் திரும்பப் போடுவார்கள். பிள்ளை அதற்குப் பிறகு பிறந்ததுதான், ஆனால் திரையைப் பார்க்காமல் அப்பம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அப்போதும் நிறுத்துங்கள், இரண்டு பேருக்காகவும். அறிகுறிகள் தொடர்ந்தால் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். வீட்டில் அடி நடக்கிறது என்றால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929.

மாமியிடம் ‘உங்கட நாடகத்தால்தான்’ என்று தொடங்காதீர்கள். உங்கள் கணவர் பேசட்டும், அவருடைய தாய்தானே. சாப்பாட்டை ஏழரைக்கு முடியுங்கள். எட்டரைக்குத் தம்பியைப் படுக்க வைத்துக் கதை சொல்லும் வேலையை மாமியிடமே கேட்டுப் பாருங்கள். தவறவிட்ட பகுதியை அடுத்த நாள் காலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, யூடியூபில் அவருக்குப் போட்டுக் கொடுங்கள்.