சிங்கப்பூரா, ஹாங்காங்கா? குடும்பத்தோடு இடம் மாற நினைப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

நான் 9 ஆண்டுகள் சிங்கப்பூரிலும், பிறகு 8 ஆண்டுகள் ஹாங்காங்கிலும் கணவர், மகளோடு வாழ்ந்தவள். நிறுவனங்களில் சம்பளக் கணக்கும், வெளிநாட்டு ஊழியர்களின் இடமாற்ற ஏற்பாடுகளும் பார்ப்பது என் வேலை. இரண்டு ஊர்களைப் பற்றியும் வந்த கேள்விகளுக்கு, என் வேலையில் பார்த்ததையும் வீட்டில் பட்டதையும் வைத்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சிங்கப்பூரில் செங்காங்கில் வசிக்கிறோம். 20 விழுக்காடு கூடுதல் சம்பளத்தில் என் கணவரை ஹாங்காங்குக்கு அழைக்கிறார்கள். மகளுக்கு 10 வயது, மகனுக்கு 5 வயது. நான் ஊரில் கணக்காளராக இருந்தேன். இங்கு வந்து 6 ஆண்டுகளாக வீட்டில்தான் இருக்கிறேன். போகலாமா அக்கா?

பதில்: 20 விழுக்காட்டுக்காக மட்டும் என்றால் போக வேண்டாம் என்பேன், வாடகையும் பள்ளிக் கட்டணமும் சேர்ந்து அதை முதல் ஆண்டிலேயே விழுங்கிவிடும். ஆனால் நீங்கள் உங்களைப் பற்றிக் கடைசியில் எழுதியிருக்கும் வரிதான் இந்தக் கணக்கில் மிகப் பெரிய தொகை என்று நான் நினைக்கிறேன்.

சிங்கப்பூரில் டிப்பெண்டன்ட் பாஸில், அதாவது வேலை அனுமதி பெற்றவரின் குடும்பத்தாருக்கான அனுமதியில், இருப்பவர்கள் முன்பு ஓர் ஒப்புதல் கடிதத்தை வைத்து வேலைக்குச் சேர முடிந்தது. 2021 மே 1 முதல், சொந்தத் தொழில் நடத்தும் சிலரைத் தவிர, மற்றவர்களுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. வேலை வேண்டுமானால் தனியாக ஒரு வேலை அனுமதி பெற வேண்டும். எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்னும் வேலை அனுமதிக்கான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஜனவரி முதல் 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). நிதித்துறையில் 6,200 வெள்ளி. இந்தத் தொகை வயதோடு ஏறுகிறது. 45 வயதில், நிதித்துறை அல்லாத மற்றத் துறைகளுக்கே 10,700 வெள்ளி ஆகிவிடுகிறது. பிள்ளை வளர்ப்புக்காகச் சில ஆண்டுகள் வேலையை விட்டுவிட்டுத் திரும்பும் ஒரு பெண்ணுக்கு, அனுபவம் தேங்கி நிற்கும் அதே நேரத்தில் தேவைப்படும் சம்பளம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது என்பதை யோசித்துப் பாருங்கள். இதற்கு மேல் காம்பஸ் என்னும் புள்ளி முறையையும் தாண்ட வேண்டும்.

ஹாங்காங்கில், வேலை விசாவில் வருபவரின் துணைவர் தனி அனுமதி எதுவும் இல்லாமல் யாரிடமும் வேலை செய்யலாம். பகுதி நேரமாகவும் செய்யலாம், சொந்தமாகத் தொழிலும் தொடங்கலாம். ஆனால் கணக்குத் துறையில் பல இடங்களில் கன்டோனீஸ் பேசவும் சீனம் படிக்கவும் தெரிந்தவர்களையே கேட்பார்கள். ஆங்கிலத்தில் இயங்கும் பன்னாட்டு நிறுவனங்களைத்தான் நீங்கள் தேட வேண்டியிருக்கும். எனக்கு வேலை கிடைக்க 5 மாதங்கள் ஆயின. அந்த 5 மாதங்களையும் ஒற்றைச் சம்பளத்தில் ஓட்ட முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியும் என்றால், வேலைக்குத் திரும்பும் ஆசை உங்களுக்கும் இருந்தால், போகலாம் என்பதே என் பதில்.

கேள்வி: என் மகள் சிங்கப்பூர் அரசுப் பள்ளியில் தொடக்கநிலை 4இல் படிக்கிறாள், தாய்மொழிப் பாடம் தமிழ். ஹாங்காங்கில் பள்ளிக்கு என்ன செய்வது?

பதில்: இந்தக் கேள்வியை வாடகைக்கு முன்பாகக் கேட்டதற்கு உங்களைப் பாராட்ட வேண்டும். பெரும்பாலோர் வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகுதான் பள்ளி தேடத் தொடங்குகிறார்கள்.

ஹாங்காங் அரசுப் பள்ளிகளில் 12 ஆண்டுப் படிப்பு இலவசம். உங்கள் மகளும் சேரலாம். ஆனால் பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளில் பாடம் கன்டோனீஸில் நடக்கிறது. 5 வயதுப் பிள்ளை ஓராண்டில் அதைப் பிடித்துக்கொள்ளும். 10 வயதுப் பிள்ளைக்கு அது கணிதத்தையும் அறிவியலையும் சேர்த்துக் கீழே இழுத்துவிடும். சிங்கப்பூரில் சீனம் படித்த பிள்ளைகளுக்குக்கூடச் சிரமம் உண்டு. எங்கள் மகள் அங்கே மூன்று ஆண்டுகள் மாண்டரின் படித்தவள். ஹாங்காங் வந்த முதல் வாரம், பாட நூலைத் திறந்து, ‘படிப்பது’ என்ற ஒரே எழுத்தை இரண்டு விதமாக நோட்டில் எழுதிக் காட்டினாள்: சிங்கப்பூரில் கற்ற எளிய வடிவம் ஒன்று, இங்கே அச்சாகியிருந்த கோடுகள் நிறைந்த பழைய வடிவம் மற்றொன்று. வகுப்பில் ஆசிரியர் அதை உச்சரித்த விதமோ மூன்றாவது மொழி போல இருந்தது என்றாள்.

ஆகவே 8 வயதைத் தாண்டிய பிள்ளை என்றால் ஆங்கிலவழிப் பள்ளியைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். 1967இல் தொடங்கிய ஆங்கிலப் பள்ளிகள் அறக்கட்டளையின் பள்ளிகளும் தனியார் பன்னாட்டுப் பள்ளிகளும் இருக்கின்றன. மாதக் கட்டணத்தை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள். திருப்பித் தராத மூலதனக் கட்டணம் தனி. டிபெஞ்சர் (கடன் பத்திரம்) என்ற பெயரில் கேட்கும் பெருந்தொகை தனி. அதை நிறுவனம் கட்டுமா, கட்டினால் வேலையை விடும்போது யாருக்குத் திரும்பும் என்பதை வேலை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

தமிழைப் பற்றி மனம் விட்டுச் சொல்கிறேன். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி. பள்ளி அட்டவணையில் அதற்கென்று நேரம் இருக்கிறது, தேர்வு இருக்கிறது, பிள்ளை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறது. ஹாங்காங்கில் அந்தப் பொறுப்பு முழுவதும் உங்கள் வீட்டின் மேல் வந்து விழும். ஆர்வமுள்ள தமிழர்கள் நடத்தும் வார இறுதி வகுப்பு உண்டு. ஆனால் பிள்ளையை ரயிலேற்றி அழைத்துப் போகும் உறுதி பெற்றோருக்கு இருக்க வேண்டும். எங்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் அது இல்லை. என் மகளின் எழுத்துத் தமிழ் அந்த இடைவெளியில்தான் தேய்ந்தது. இன்றும் அதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மற்றொன்று: சிங்கப்பூர் அரசுப் பள்ளியில் இருக்கும் இடத்தை விட்டுவிட்டால், வெளிநாட்டுப் பிள்ளை திரும்பவும் உள்ளே வர ஏஇஐஎஸ் தேர்வு எழுத வேண்டியிருக்கும்; தேறினாலும் இடம் உறுதி கிடையாது. ஓராண்டு பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்ற எண்ணத்தோடு போகாதீர்கள்.

கேள்வி: ஹாங்காங்கில் வருமான வரி 15 விழுக்காடுதான் என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மைதான். படிநிலை விகிதம் 2இல் தொடங்கி 17 விழுக்காடு வரை போகும். 15 விழுக்காட்டு நிலையான விகிதத்திலும் கணக்கிட்டுப் பார்த்து, இரண்டில் குறைந்ததைத்தான் வாங்குவார்கள். ஆண்டு வருமானம் 50 லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல் போகும் பகுதிக்கு மட்டும் 16 விழுக்காடு. சிங்கப்பூரில் உச்ச விகிதம் 24 விழுக்காடு என்றாலும், அது 10 லட்சம் வெள்ளிக்கு மேல் உள்ள பகுதிக்குத்தான். நடுத்தரச் சம்பளக்காரருக்கு இரண்டு ஊர்களும் வரியில் அவ்வளவு தூரமில்லை.

எச்சரிக்கை வேறு இடத்தில் இருக்கிறது. ஹாங்காங்கில் மாதாமாதம் சம்பளத்தில் வரி பிடிப்பதில்லை. நிதியாண்டு மார்ச் 31இல் முடிந்த பிறகு வரும் முதல் ரசீதில், முடிந்த ஆண்டின் வரியோடு நடப்பு ஆண்டுக்கான தற்காலிக வரியும் சேர்ந்து வரும். ஓராண்டு வரி 1 லட்சம் டாலர் என்றால் ரசீது ஏறக்குறைய 2 லட்சத்துக்கு வரும். இதற்காகக் கடன் வாங்கிய குடும்பங்களை நான் அறிவேன். முதல் மாதத்திலிருந்தே தனிக் கணக்கில் பணம் ஒதுக்குங்கள்.

வாடகையைப் பற்றி நிறுவனத்திடம் பேசும்போது, அதை ரொக்கப் படியாக வாங்காமல், ரசீது கொடுத்துத் திரும்பப் பெறும் வீட்டுச் சலுகையாக ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். அப்போது வாடகைத் தொகைக்குப் பதிலாக, வருமானத்தில் 10 விழுக்காட்டை மட்டுமே வீட்டின் மதிப்பாகச் சேர்ப்பார்கள். பலர் இதைக் கேட்கத் தெரியாமல் இழக்கிறார்கள்.

கேள்வி: வீடு உண்மையில் எவ்வளவு சிறியது? மூன்று பேருக்குப் போதுமா?

பதில்: நாங்கள் சிங்கப்பூரில் 1,050 சதுர அடி வீவக (அரசு வீடமைப்புக் கழக) வீட்டிலிருந்து 580 சதுர அடிக்குப் போனோம். விளம்பரத்தில் மொத்தப் பரப்பு, பயன்படு பரப்பு என இரண்டு எண்கள் இருக்கலாம்; இரண்டாவதை மட்டும் பாருங்கள். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போங்கள். நான் முதல் வீட்டில் அதைச் செய்யவில்லை. சமையல் மேடையில் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு மேலே மிஞ்சியிருந்த இடம் ஒரு முழம்கூட இல்லை. மாவரைக்கும் கிரைண்டரை இரண்டு ஆண்டுகள் கூடத்தில் தொலைக்காட்சிக்குக் கீழே வைத்திருந்தோம். சனிக்கிழமை காலையில் மாவு ஆட்டினால் மகள் கட்டிலில் உட்கார்ந்துதான் படிப்பாள். கிரைண்டரைக் கொண்டுபோகலாமா என்று கேட்பவர்களுக்கு: கொண்டுபோகலாம், இரண்டு ஊர்களிலும் ஒரே மூன்று சதுரமுனைச் செருகிதான்.

கேள்வி: என் அப்பா அம்மா ஆண்டில் 6 மாதங்கள் எங்களோடு இருப்பார்கள். அம்மாவுக்கு நீரிழிவு. எந்த ஊர் நல்லது?

பதில்: பெற்றோருக்காக என்றால் தயங்காமல் சிங்கப்பூர். மாத நிலைச் சம்பளம் 12,000 வெள்ளி இருந்தால் பெற்றோருக்கு நீண்டகால வருகை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். சென்னை மட்டுமல்லாமல் திருச்சி, மதுரை, கோவைக்கும் நேரடி விமானம் இருக்கிறது. தேக்கா சந்தைக்கோ கோவிலுக்கோ அவர்களே தனியாகப் போய் வருவார்கள்; தமிழில் பேச ஆள் கிடைக்கும். ஹாங்காங்கில் நீங்கள் நிரந்தரவாசி ஆகும்வரை பெற்றோரைச் சார்ந்தோராக அழைக்க வழியே கிடையாது. ஆன பிறகும் 60 வயது நிறைந்திருக்க வேண்டும். இணையத்தில் முன்பதிவு செய்து வரும் இந்தியர்களுக்கு ஒரு வருகைக்கு 14 நாள்தான்.

ஆனால் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் மருத்துவச் செலவு என்று வந்தால் நிலைமை தலைகீழ். ஹாங்காங் அடையாள அட்டை இருந்தால் வேலை விசாக்காரரும் அரசு மருத்துவமனையில் உள்ளூர்வாசிக்கான கட்டணமே கட்டுவார். 2026 ஜனவரி முதல் அவசரப் பிரிவுக்கு 400 டாலர், பொதுப் படுக்கைக்கு நாளொன்றுக்கு 300 டாலர். சிங்கப்பூரில் வெளிநாட்டவருக்கு மானியம் இல்லாத முழுக் கட்டணம். நிறுவனக் காப்பீடு பிள்ளைகளையும் சேர்க்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் எதிர்த்திசையில் யோசிக்கிறோம். ஹாங்காங்கில் 6 ஆண்டு 3 மாதங்கள் முடிந்தன. சிங்கப்பூர் கிளைக்கு உடனே வரச் சொல்கிறார்கள். பதவி உயர்வும் உண்டு. மகனுக்கு 13 வயது.

பதில்: இன்னும் 9 மாதங்கள் கேட்டு வாங்குங்கள் ஐயா. தொடர்ச்சியாக 7 ஆண்டுகள் வழக்கமாக வசித்தால் ஹாங்காங்கில் நிரந்தர வாழ்வுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். நிபந்தனைகள் நிறைவேறினால் அது உரிமையாகவே வரும். 6 ஆண்டு 3 மாதத்தில் குடிபெயர்ந்தால் அந்தக் கணக்கு அறுந்துவிடும். பெற்ற பிறகு 36 மாதங்கள் தொடர்ந்து வெளியே இருந்து வாழ்வுரிமை போனாலும், திரும்பி வந்து நிபந்தனையின்றித் தங்கி வேலை செய்யும் உரிமை நிற்கும். உங்கள் மனைவிக்கும் மகனுக்கும் அவரவர் 7 ஆண்டுகள் தனித்தனியே ஓடுகின்றன. அவர்கள் பிந்தி வந்திருந்தால் அந்தத் தேதியையும் பாருங்கள்.

சிங்கப்பூரில் நிரந்தரவாசத் தகுதி, எத்தனை ஆண்டுகள் இருந்தாலும், அரசின் முடிவு. உங்கள் வழியாக மகனுக்கும் அது கிடைத்தால் 18 வயதில் 2 ஆண்டு தேசிய சேவை கடமையாகும். அது நல்லதா கெட்டதா என்று நான் சொல்ல மாட்டேன். மகனுக்கு 13 வயதாகிறது, அவனை உட்காரவைத்துக் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள். பதவி உயர்வைத் தள்ளிவைக்கக் கோரும் கடிதத்தில், 7 ஆண்டு நிறையும் தேதியைக் குறிப்பிட்டு, மகனின் பள்ளி ஆண்டு முடியும் மாதத்தையும் சேர்த்து எழுதுங்கள். காரணம் தெளிவாக இருந்தால் சில மாத அவகாசம் கொடுத்த நிறுவனங்களை நான் பார்த்திருக்கிறேன். இடைப்பட்ட காலத்தில் நீங்கள் மட்டும் மாதம் ஒரு வாரம் சிங்கப்பூர் போய்வரலாம். வீடும் பள்ளியும் ஹாங்காங்கில் இருக்கும்வரை அத்தகைய பயணம் தற்காலிகமாக வெளியே இருப்பதுதான், 7 ஆண்டுக் கணக்கை அறுக்காது. வாடகை ஒப்பந்தம், வரி ரசீது, பள்ளிச் சான்று ஆகியவற்றை ஆண்டு வாரியாக ஒரு கோப்பில் இப்போதே அடுக்கத் தொடங்குங்கள். விண்ணப்பத்தின்போது அவைதான் பேசும்.