அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஜெயிக்கிற அணி கடைசியில் மண்டி போட்டு நேரத்தைக் கடத்துவது கோழைத்தனம் இல்லையா?

கேள்வியைப் பார்த்ததும், என் மாமனார்தான் பெயரை மாற்றிக்கொண்டு இங்கே வந்துவிட்டாரோ என்று முதலில் சந்தேகம் வந்தது.

எம்.எஸ். படிக்க வந்த முதல் செமஸ்டர், சனிக்கிழமை இரவு, ரூம்மேட்டுகளோடு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். (கையால் ஆடுகிற ஆட்டத்துக்கு எதற்கு ஃபுட்பால் என்று பெயர் என்பவர்கள் வேறு கேள்விக்குப் போகவும். பதினாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.)

குவாட்டர்பேக் (பந்தை முதலில் வாங்கி ஆட்டத்தை நடத்துகிறவர்) பந்தை வாங்கி முழங்காலைத் தரையில் ஊன்றினால் அந்த ப்ளே, அதாவது அந்த ஒரு ஆட்ட முயற்சி, முடிந்தது, ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த ப்ளேவை ஆரம்பிக்க 40 நொடி அவகாசம் உண்டு. எதிரணியிடம் டைம்-அவுட் இருந்தால் கடிகாரத்தை நிறுத்தலாம். ஒரு பாதிக்கு மூன்றுதான். அதுவும் தீர்ந்துவிட்டால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். 40 நொடிக்குக் குறைவாக இருந்தால் ஒரே ஒரு மண்டி போதும். மூன்றாம் வகுப்புக் கழித்தல் கணக்கு.

இந்தக் கணக்கை நம்பித்தான் நான் அவமானப்பட்டேன்.

2023 அக்டோபர் 7. நான் படித்தது ஜார்ஜியா டெக். அன்று எங்களுக்கு மியாமியோடு அவர்கள் ஊரில் ஆட்டம். மியாமி அதுவரை தோற்காத அணி, 17-ஆம் ரேங்க். ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து மாமனார் ஆறு மாத விசாவில் வந்திருந்தார். ரிட்டயர்டு பி.டி. வாத்தியார், கபடி டீம் தயார் செய்தவர். ராத்திரி பதினொன்றரைக்கு மனைவியும் மகளும் தூங்கியாயிற்று, நாங்கள் இருவர் மட்டும்.

மியாமி 20, நாங்கள் 17. பந்து அவர்களிடம். மிச்சம் 33 நொடி. எங்களிடம் ஒரு டைம்-அவுட்கூட இல்லை.

"முடிஞ்சுது மாமா. இனி மண்டி போடுவாங்க, அவ்வளவுதான்" என்று கணக்கை விளக்கிவிட்டு ரிமோட்டை எடுத்தேன்.

"விசில் அடிக்கட்டும் மாப்ளே, அப்புறம் அணைச்சுக்கலாமே."

"இல்ல மாமா, இதுல ஒண்ணுமே நடக்க வழியில்ல. நம்ம ஊர் கபடியில ஜெயிக்கிறவன் கடைசியா பாடிப் போய்க் கோட்டைத் தாண்டிக் கால் வச்சுட்டுத் திரும்பி வந்துருவான்ல, அது மாதிரி."

அவர் மறுபேச்சு பேசவில்லை. பி.டி. வாத்தியாருக்கே கபடி சொல்லிக்கொடுத்துவிட்டு டிவியை அணைத்துப் படுத்துவிட்டேன்.

காலையில் வாட்ஸ்ஆப்பில் நூற்றுச் சொச்சம் மெசேஜ். மியாமி மண்டி போடவில்லை! பந்தைக் கையில் கொடுத்து ஓடவிட்டிருக்கிறார்கள். ஓடியவன் கையிலிருந்து பந்து நழுவி, 26 நொடி மிச்சமிருக்கையில் எங்கள் பையன்கள் அமுக்கிவிட்டார்கள். அங்கிருந்து மியாமியின் எல்லைக்கோட்டுக்கு 74 யார்டு. எங்கள் குவாட்டர்பேக் ஹெய்ன்ஸ் கிங் கடைசியாக எறிந்த 44 யார்டு பாஸ் கிறிஸ்டியன் லியரி கையில் டச்டவுன், ஆறு புள்ளி. 23-20. பல வருஷம் காத்திருந்து கிடைத்த ஒரு அதிசயம், நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

என் கணக்கில் தப்பே இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். மியாமி கோச் மாரியோ கிறிஸ்டோபாலே மண்டி போட்டிருக்க வேண்டும் என்று பிற்பாடு ஒத்துக்கொண்டார். "பந்தை விட்டது பையன், கோச் என்ன செய்வார்?" என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். முழங்கால் முதலிலேயே தரையில் பட்டுவிட்டது என்று மியாமிக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள், அதுவும் தெரியும். பந்தைக் கையில் கொடுக்கவே தேவையில்லாத இடத்தில் இருபது வயசுப் பையனை ஓட விட்டது யார்? அவருக்கு இது முதல் தடவையும் இல்லை. 2018-இல் ஓரிகன் கோச்சாக இருந்தபோது ஸ்டான்ஃபர்டுக்கு எதிராக 31-28 என்று முன்னால் இருந்தார்கள். ஒரு நிமிடத்துக்கும் குறைவுதான் மிச்சம். அன்றும் ஓடவிட்டார், அன்றும் பந்து நழுவியது, ஓவர்டைமில் தோற்றார்கள்.

அதே ஓரிகனில் அவருக்கு அடுத்து வந்த டான் லானிங் நேர் எதிர் ஆள். 2024 அக்டோபரில் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிராக 32-31 என்று முன்னால் இருந்தார்கள், பத்து நொடி மிச்சம், பந்து எதிரணியிடம். களத்தில் பதினொரு பேருக்குப் பதில் பன்னிரண்டு பேர் நின்றார்கள். தண்டனை வெறும் ஐந்து யார்டு, ஆனால் அந்த ப்ளேயில் ஓடிய நான்கு நொடி எதிரணிக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. தெரிந்தே செய்ததுதான் என்று பிறகு ஜாடையாகச் சொன்னார். சில நாளிலேயே அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். இதைத் தந்திரம் என்பீர்களோ திருட்டுத்தனம் என்பீர்களோ, எனக்குப் பிடித்திருந்தது. அந்த ஆட்டத்தைக் கடைசி நொடி வரை பார்த்தேன்.

நேரம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இங்கே ஒரு தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் சிறப்பு விருந்தினருக்கு ஐந்து நிமிடம் என்று போட்டிருந்தார்கள். நாற்பத்தைந்து நிமிடம் பேசினார். ஹாலை ஒன்பதுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று என் மகள் குழுவின் கோலாட்டத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். இரண்டு மாசம் பயிற்சி எடுத்த பிள்ளைகள்! துண்டுச்சீட்டு நீட்டக்கூட மேடையில் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். திரையில் ஸ்கோருக்குப் பக்கத்தில், அணியின் பெயரை ஒட்டிச் சின்னச் சின்னக் கோடுகள் இருக்கும். அவைதான் மிச்சமுள்ள டைம்-அவுட். கடைசி நிமிடத்தில் முதலில் அதைப் பாருங்கள், பிறகு கடிகாரத்தை. கோச் மண்டி போடச் சொல்வாரா மாட்டாரா என்று ரூம்மேட்டுகளோடு பந்தயம்கூடக் கட்டலாம். ரிமோட்டை மட்டும் தொடாதீர்கள். மாமனார் ஊருக்குத் திரும்பி இத்தனை நாளாகியும், ஞாயிற்றுக்கிழமை போனில் பேசி முடித்து நான் வைக்கப் போனால், "விசில் அடிச்சாச்சா மாப்ளே?" என்கிறார்.