புயலில் முறிந்த மரம்: ஆளை அமர்த்தும் முன், மெஷின் வாங்கும் முன்

கேள்வி: புயலில் வாசல் மரத்தின் பெரிய கிளை பாதி முறிந்து தொங்குகிறது. மரம் வெட்ட வந்தவர், உச்சியை மொட்டையாக வெட்டிவிட்டால் அடுத்த புயலுக்குப் பயமில்லை என்கிறார். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கிறார். சரி சொல்லலாமா?

பதில்: இரண்டுக்கும் சம்மதிக்காதீர்கள். மொட்டையடித்த மரம் வெட்டுவாயைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். அந்தத் துளிர்களுக்கு உள்மரத்தில் பிடிப்பு கிடையாது; மேல்பட்டையை ஒட்டித்தான் நிற்கும். சில ஆண்டுகளில் கனத்ததும் அவைதான் முதலில் ஒடியும்.

தொங்கும் கிளையை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள், அதையும் மூன்று வெட்டாக. அடிமரத்திலிருந்து சுமார் 30 செ.மீ. தள்ளி, கீழ்ப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு முதல் வெட்டு. அதற்கும் இரண்டு விரல் வெளியே, மேலிருந்து இரண்டாவது. கிளை இதிலேயே விழுந்துவிடும். கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில் மோதிரம் போலப் புடைத்திருக்கும். மூன்றாவது வெட்டு அந்தப் புடைப்பில் படாமல், அதை ஒட்டி வெளியே. காயத்தை மூடும் திசு வளர்வது அங்கிருந்துதான். மேலிருந்து ஒரே வெட்டாக இறக்கினால், பாதி அறுபட்டதுமே கிளை கனத்தில் சாய்ந்து அடிமரத்துப் பட்டையை நீளமாக உரித்துக்கொண்டு விழும். வந்தவரிடம் "எத்தனை வெட்டு போடுவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், தொழில் தெரிந்தவரா என்பது அப்போதே தெரிந்துவிடும். செருப்பில் இரும்பு முள் கட்டி ஏறுகிறார் என்றால் தடுத்துவிடுங்கள். அது வெட்டிச் சாய்க்கப்போகும் மரத்துக்கு மட்டும்தான். பிழைக்கவேண்டிய மரத்தில் ஒவ்வொரு குத்தும் ஒரு காயம்.

பணத்தை வேலை முடிந்தபின் கொடுங்கள். எந்தக் கிளைகள், விறகு யாருக்கு, தழையை அள்ளுவது யார், சுவரோ கூரையோ உடைந்தால் யார் பொறுப்பு என்பதை முதலிலேயே எழுதி வாங்குங்கள். மரத்தையே எடுப்பதாக இருந்தால் அடிக்கட்டையில்தான் சண்டை வரும். "மரம் வெட்ட" என்று மட்டும் பேசினால் தரைமட்டத்தோடு வேலை முடிந்துவிடும், தோண்டக் கூலி தனி. காப்பீடு இருந்தால், எதையும் அசைக்கும் முன் படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: பக்கத்தில் இன்னொரு மரம் வேரோடு சாய்ந்து கிடக்கிறது. மெஷின் ரம்பம் வாங்கி நானே அறுக்கலாமா?

பதில்: அந்த ஒரு மரத்துக்காக என்றால் வேண்டாம். வேரோடு சாய்ந்தது புதுக்கைக்கு ஏற்ற மரமே அல்ல. வேர்க்கட்டைத் தூக்கி நிறுத்தியிருப்பது அடிமரத்தின் கனம்தான். அதை அறுத்துவிட்டால் வேர்க்கட்டு சட்டென்று குழிக்குள் திரும்பி உட்கார்ந்துவிடும். அப்போது குழிக்குள் யாரும் இருக்கக் கூடாது. வில்லாக வளைந்து அழுந்திக் கிடக்கும் கிளையும் அப்படித்தான். வெட்டுப் பட்டதும் முகத்துக்கு நேரே தெறிக்கும்.

எப்போதும் தோட்ட வேலை இருக்கிறது, வாங்கத்தான் வேண்டும் என்றால் 14 முதல் 16 அங்குலப் பட்டை (சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகடு) போதும். நீளம் கூடினால் கனமும் கூடும். பட்டை நுனியின் மேல்பாதி எதிலாவது முட்டினால் ரம்பம் முகத்தை நோக்கி எகிறும், அதனால் சங்கிலியைச் சட்டென்று நிறுத்தும் சங்கிலி பிரேக் இல்லாத மெஷினைத் தொடாதீர்கள். முகத்திரை உள்ள ஹெல்மெட், காது மூடி, கால் கவசம், சங்கிலி எண்ணெய், தீட்டும் அரம் எல்லாம் சேர்த்துத்தான் அதன் விலை. சீவலாக விழவேண்டியது மாவாக உதிர்ந்தால் சங்கிலி மழுங்கிவிட்டது. அழுத்தி அறுக்காமல் தீட்டுங்கள். மணிக்கட்டுக் கனம் வரையுள்ள கொப்புகளுக்கு மடக்கு ரம்பமே போதும்.

எந்தக் கம்பியாவது மரத்தில் பட்டிருந்தால் கிட்டே போகவே வேண்டாம். ஈர மரத்திலும் தரையிலும் மின்சாரம் பாயும். மின்வாரியத்தார் வந்து இணைப்பைத் துண்டித்த பிறகுதான் மற்றதெல்லாம்.

கேள்வி: வெட்டிய இடத்தில் தார் பூசலாமா?

பதில்: வேண்டாம். அழுகலை அது தடுக்காது, ஈரத்தை உள்ளே அடைத்துவைக்கும். அப்படியே காயவிடுங்கள்.